மூணு மாசம் காலியா கிடந்த சோலார் பேட்டரி பேங்க், மீட்க முடியுமா?

வெயில்வீடு:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க. வீட்டு மாடில பேனல் போட்டு 48 வோல்ட் சிஸ்டம் ஓடிட்டு இருந்துச்சு, 12 வோல்ட் 150 ஏஹெச் (ஆம்ப் அவர், கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரி, அதாவது தண்ணி ஊத்தற லெட் ஆசிட் வகை, நாலு, சீரியஸ்ல. நாலு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல. வீட்ட பூட்டிட்டு மூணு மாசம் வெளில இருக்க வேண்டியதா போச்சு, நான் கிளம்பின கொஞ்ச நாள்லயே பேனல் பக்கம் இருந்த ஃபியூஸ் போயிருக்கு, அது எனக்கு தெரியாது, இன்வெர்ட்டர் சுவிட்ச ஆஃப் பண்ணாமயே போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா எல்லாம் செத்து கிடக்கு. தனித்தனியா மீட்டர் வெச்சு பாத்ததுல 10.9, 11.1, 11.0, நாலாவது மட்டும் 8.7 வோல்ட். சில செல்லுல தண்ணி பிளேட்டுக்கு கீழ போயிருக்கு.

ஃபியூஸ் மாத்தி பேனல திரும்ப கொடுத்தேன். அரை மணி நேரத்துலயே சார்ஜ் கன்ட்ரோலர் ஃபுல்னு காட்டி ஃப்ளோட்டுக்கு, அதாவது நிரம்பினத தக்க வைக்கற கம்மி வோல்டேஜுக்கு, போயிடுது. சரின்னு ஒரு ஃபேனும் ரெண்டு லைட்டும் போட்டா 20 நிமிஷம் கூட தாங்கல, லோ பேட்டரின்னு கத்துது.

விசாரிச்சா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எப்சம் சால்ட் போட்டா உயிர் வந்துடும்னு ஒருத்தர், பழைய ஆசிட்ட கொட்டிட்டு புது ஆசிட் ஊத்துன்னு ஒருத்தர், பல்ஸ் டீசல்ஃபேட்டர்னு ஒரு சின்ன பெட்டி இருக்கு அத மாட்டுன்னு இன்னொருத்தர். எதையும் செய்யறதுக்கு முன்னாடி இங்க கேட்டுடலாம்னு வந்தேன். நாலையும் தூக்கி போட மனசு வரல. வோல்டேஜ் ஆம்ப் ரெண்டும் செட் பண்ணிக்கற மாதிரி 10 ஆம்ப் பெஞ்ச் சப்ளை ஒண்ணு இருக்கு, மல்டிமீட்டர் இருக்கு, ஆசிட்டோட அடர்த்திய அளக்கற ஹைட்ரோமீட்டர் இல்ல.

பழையமெக்கானிக்:

தம்பி, ஹைட்ரோமீட்டர் வாங்கிட்டு அப்புறம் பேட்டரில கைய வைங்க. அது இல்லாம செய்யற எதுவும் கண்ண கட்டிக்கிட்டு நடக்கற மாதிரிதான்.

உங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன். இன்வெர்ட்டர் சும்மா நின்னாலே ஒரு 25 வாட் இழுக்குதுன்னு வைங்க, நாளைக்கு 600 வாட் அவர், உங்க பேங்க் மொத்தமே 7200 வாட் அவர், அப்ப 12 நாள்ல காலி. அதுக்கப்புறம் இன்வெர்ட்டர் கட் ஆனாலும் உள்ள டிஸ்ப்ளே அது இதுன்னு கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிக்கிட்டேதான் இருக்கும். மிச்ச ரெண்டு மாசத்துக்கு மேல பேட்டரி ஒட்ட வறண்டு நின்னிருக்கு. லெட் ஆசிட் பேட்டரி டிஸ்சார்ஜ் ஆகும்போது ரெண்டு பக்க பிளேட்டுலயும் லெட் சல்ஃபேட் படியும், இது கெட்டது இல்ல, அது வேலை செய்யற விதமே அதுதான். உடனே சார்ஜ் போட்டா அந்த பொடி கரைஞ்சு பழையபடி ஆயிடும். வாரக்கணக்குல அப்படியே விட்டா பொடியா இருந்தது கெட்டியான பெரிய படிகமா கட்டிக்கும், உப்புத்தண்ணிய அசைக்காம விட்டா கல்லு கல்லா உறையுதே அந்த மாதிரி. இததான் சல்ஃபேஷன்னு சொல்றது.

அரை மணி நேரத்துல ஃபுல் காட்டுதுன்னீங்களே, கன்ட்ரோலருக்கு தெரிஞ்சது வோல்டேஜ் மட்டும்தான். பிளேட் மேல கல்லு மூடினதால கரண்ட் உள்ள போக எடம் இல்ல, ரெசிஸ்டன்ஸ் ஏறிடுச்சு, கொஞ்சம் கரண்ட் போனதுமே வோல்டேஜ் சர்ருனு ஏறுது, அது ஃபுல்னு நெனச்சுக்கிட்டு நிறுத்திடுது. அதனால பேனல்ல வெச்சே சரி பண்ணிடலாம்னு பாக்காதீங்க, நாலையும் சீரியஸ்ல இருந்து கழட்டி ஒவ்வொண்ணா பாக்கணும். அந்த 8.7 மேல எனக்கு நம்பிக்கை இல்ல. மத்தது எல்லாம் 11 கிட்ட இருக்கும்போது இது மட்டும் சரியா ஒரு செல் அளவுக்கு, அதாவது 2 வோல்ட் சொச்சம் கம்மி. சீரியஸ்ல ஒட்ட காலியாகும்போது எந்த செல் பலவீனமோ அது முதல்ல சைபருக்கு வந்துடும், மத்த செல் எல்லாம் சேந்து அத தலைகீழா சார்ஜ் பண்ணும். இல்லன்னா அடில சேந்த வண்டல் ரெண்டு பிளேட்டையும் தொட்டு ஷார்ட் ஆயிருக்கும். சார்ஜ் போட்டாதான் எதுன்னு தெரியும்.

செய்முறைக்கு வரேன். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊத்தணும், அதுவும் இப்ப பிளேட் மூழ்கற அளவுக்கு போதும், கோடு வரைக்கும் நிரப்பிடாதீங்க, சார்ஜ் ஏற ஏற லெவல் மேல வரும், வழிஞ்சா போறது ஆசிட். கோடு வரைக்கும் ஊத்தறது எல்லாம் முடிஞ்ச பிறகு. அப்புறம் பெஞ்ச் சப்ளைய 14.4 வோல்ட், 7 ஆம்ப்னு வெச்சு ஒரு பேட்டரிய மாட்டுங்க. முதல்ல அரை ஆம்ப் கூட உள்ள போகாம நிக்கலாம், பயப்படாம விடுங்க, சில சமயம் ஆறு மணி நேரம் எட்டு மணி நேரம் கழிச்சு தானா கரண்ட் ஏற ஆரம்பிக்கும், அப்படி ஏறினா அந்த பேட்டரிக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். அப்புறம் முழுசா ஏறி கரண்ட் 2, 3 ஆம்ப்புக்கு இறங்கற வரைக்கும் விடணும், ரெண்டு நாள் கூட ஆகலாம்.

அதுக்கு அப்புறம்தான் ஈக்வலைசேஷன், அதாவது எல்லா செல்லையும் ஒரே நிலைக்கு கொண்டு வர வேணும்னே கொடுக்கற ஓவர்சார்ஜ். வோல்டேஜ 15.5ல இருந்து 16க்குள்ள வெச்சு கரண்ட 4 ஆம்ப்புக்கு மேல போகாம கட்டிப் போடுங்க. நல்லா குமிழி வரும், அந்த கெட்டி படிகத்த கொஞ்சம் கொஞ்சமா கரைக்கறது இந்த நேரம்தான், அடில தங்கின கனமான ஆசிட்டயும் மேல இருக்கற தண்ணியயும் கலக்கி விடறதும் இந்த குமிழிதான். மணிக்கு ஒரு தடவ ஆறு செல்லுலயும் கிராவிட்டி, அதாவது ஹைட்ரோமீட்டர் காட்டற ஆசிட் அடர்த்தி, எடுத்து நோட்டுல எழுதுங்க. மூணு தடவ தொடர்ந்து ஏறாம ஒரே எடத்துல நின்னா அவ்வளவுதான், நிறுத்திடலாம். தொட்டா சூடா இருந்தா, 45 டிகிரி தாண்டினா, ஆஃப் பண்ணி ஆற விட்டு மறுபடி போடுங்க. ஃபுல் சார்ஜ் கிராவிட்டி எவ்வளவுன்னு பேட்டரி மேலயே இருக்கும், ட்யூபுலர்ல பெரும்பாலும் 1240 (வெறும் தண்ணி 1000), சிலதுல 1265 கூட இருக்கும்.

இந்த வேலை முழுக்க திறந்த வெளில செய்யணும். வர்ற வாயு ஹைட்ரஜன், காத்துல 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். கிளிப்ப கழட்டறதுக்கு முன்னாடி சப்ளைய ஆஃப் பண்ணிடணும், மாட்டினப்புறம்தான் ஆன் பண்ணணும், இது கட்டாயம். கண்ணாடி, கையுறை போடுங்க. பக்கத்துல ஒரு வாளி தண்ணியும் சோடா உப்பு கரைச்ச தண்ணியும் இருக்கட்டும், சோடா தண்ணி தரைல சிந்தினதுக்கு மட்டும், கண்ணுல பட்டா வெறும் தண்ணில கால் மணி நேரத்துக்கு குறையாம கழுவிட்டு நேரா டாக்டர்ட்ட போங்க.

படிக்கறவங்க யாராவது சீல்டு பேட்டரிக்கு, ஏஜிஎம், ஜெல் மாதிரி தண்ணி ஊத்த முடியாததுக்கு, இந்த 16 வோல்ட்ட கொடுத்துடாதீங்க. அதுல போன தண்ணி திரும்ப வராது.

வெயில்வீடு:

ரொம்ப நன்றி அண்ணா, யாரும் இப்படி காரணத்தோட சொல்லல. ஹைட்ரோமீட்டர் வாங்கிட்டேன். ஒரு சந்தேகம், தண்ணி ஊத்தின உடனே கிராவிட்டி எடுத்தா ஒரு செல்லுல 1040னு காட்டுது, இன்னொண்ணுல மிதவை எழும்பவே இல்ல. செல்லு செத்துடுச்சா?

பழையமெக்கானிக்:

இல்ல இல்ல, இப்ப எடுத்தது கணக்குல சேராது. ஊத்தின தண்ணி மேலயே நிக்குது, நீங்க உறிஞ்சினது அந்த தண்ணியதான். குமிழி வந்து கலந்த பிறகு எடுக்கறதுதான் உண்மையான அளவு. சார்ஜ் போடுங்க முதல்ல.

தாமிரக்கம்பி:

எப்சம் சால்ட், புது ஆசிட் ரெண்டும் கேட்டிருந்தீங்க, அத பத்தி யாரும் சொல்லலையேன்னு எழுதறேன், ஏன்னா நானே இந்த ரெண்டுலயும் பேட்டரிய இழந்திருக்கேன்.

புது ஆசிட் விஷயம் எடுத்துக்கோங்க. உங்க பேட்டரில ஆசிட் தண்ணி மாதிரி ஆயிடுச்சே, அந்த ஆசிட் எங்கயும் ஆவியா போகல, ஆவியாகறது தண்ணி மட்டும்தான். ஆசிட்ல இருந்த சல்ஃபேட் முழுக்க பிளேட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கு. இப்ப பழச கொட்டிட்டு 1240 ஆசிட் புதுசா ஊத்தினீங்கன்னா ஹைட்ரோமீட்டர்ல உடனே அழகா காட்டும், வோல்டேஜும் ஏறினாப்புல இருக்கும், மனசுக்கு நிம்மதியா இருக்கும். அடுத்து சார்ஜ் போட்டு பிளேட்டுல இருக்கற சல்ஃபேட் கரைய கரைய அதுவும் ஆசிட்டோட சேந்து 1300 தாண்டும், அவ்வளவு காரமான ஆசிட்ல பாசிட்டிவ் பக்க ஈயம் வேகமா அரிச்சு போகும். எனக்கு நடந்தது இதுவேதான், ஒரு மாசம் நல்லா ஓடுச்சு, அப்புறம் சுத்தமா போச்சு. போதாததுக்கு பேட்டரிய கவுத்து கொட்டும்போது அடில அமைதியா கிடந்த வண்டல் எல்லாம் கெளம்பி பிளேட்டுக்கு நடுவுல மாட்டி ஒரு செல் ஷார்ட்டும் ஆச்சு. அந்த ஆசிட்ட எங்க கொட்டுவீங்க? அதுல ஈயம் இருக்கு, மண்ணுல ஊத்தினா அங்கயே நிக்கும், குழந்தைங்க விளையாடற எடம்னா நெனச்சே பாக்க முடியல.

எப்சம் சால்ட் அப்படிங்கறது மெக்னீசியம் சல்ஃபேட். பிளேட்டுல இருக்கற லெட் சல்ஃபேட்ட அது கரைக்காது. தண்ணில உப்பு சேந்ததால கரண்ட் கொஞ்சம் ஈஸியா ஓடும், கிராவிட்டி ஏறினாப்புல காட்டும், ஆனா அந்த கிராவிட்டி ஆசிட்டால வந்தது இல்ல, உப்பால வந்தது. அதுக்கப்புறம் ஹைட்ரோமீட்டர நம்பவே முடியாது, இருந்த ஒரே கண்ணையும் நாமே குத்திக்கிட்ட கதைதான். ஆஸ்பிரின் போடறதுன்னு ஒண்ணு சுத்திட்டு இருக்கு, அது இன்னும் மோசம், உள்ள அது சிதைஞ்சு அசெட்டிக் ஆசிட் ஆகும், அது ஈயத்த அரிக்கும்.

பல்ஸ் பெட்டி பத்தி என்னோட அனுபவம் மட்டும் சொல்றேன். ஒரே வயசு பேட்டரி ரெண்டு எடுத்து ஒண்ணுக்கு பெட்டி மாட்டினேன், இன்னொண்ணுக்கு மேல அண்ணன் சொன்ன மெதுவான சார்ஜ் மட்டும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குதான் மீண்டு வந்துச்சு. கைல பெட்டி இருந்தா மாட்டுங்க, கெடுதல் இல்ல, அதுக்குன்னு தேடிப் போய் வாங்க வேணாம்.

இன்னொண்ணு, சல்ஃபேஷன் ஒண்ணுதான் திரும்ப சரி பண்ணக்கூடிய நோய். பிளேட் அரிச்சு போனது, பூச்சு உதிர்ந்து அடில விழுந்தது, இதுக்கெல்லாம் எந்த மருந்தும் கெடையாது. ஹைட்ரோமீட்டர்ல உறிஞ்சும்போது ஆசிட் கலங்கலா காப்பி நிறத்துல வந்தா அந்த செல்லுல பூச்சு உதிர ஆரம்பிச்சுடுச்சுன்னு புரிஞ்சுக்கலாம்.

கூரைப்பலகை:

குறுக்க வரதுக்கு மன்னிக்கணும், தலைப்பு பேட்டரி மீட்கறதுங்கறதால இங்கயே கேக்கறேன். என்னோடது லித்தியம், எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட்) 16 செல், 51.2 வோல்ட் 100 ஏஹெச். கொஞ்ச நாளா சாயந்தரம் ஏழு மணிக்கெல்லாம் கட் ஆயிட்டு இருந்துச்சு, போன வாரம் ஒரேயடியா ஆஃப், டெர்மினல்ல சைபர் வோல்ட். சார்ஜர் போட்டும் எடுக்கல. மூடிய திறந்து செல் செல்லா பாத்தேன், 15 செல் 3.0ல இருந்து 3.2க்குள்ள இருக்கு, ஒண்ணு மட்டும் 1.2 வோல்ட். எந்த செல்லும் உப்பல. அந்த ஒரு செல்லுக்கு தனியா பெஞ்ச் சப்ளைல சார்ஜ் ஏத்தி தூக்கி விட்டா மத்தது கூட சேந்துக்குமா?

மின்மினிஅக்கா:

தம்பி, அந்த 1.2 வோல்ட் செல்ல தூக்கி விட வேணாம். தயவு செஞ்சு செய்யாதீங்க, காரணம் சொல்றேன்.

எல்எஃப்பி செல்லு 2.5க்கு கீழ போகக்கூடாது. 2.0க்கும் 2.5க்கும் நடுவுல இறங்கி கொஞ்ச நாள்தான் ஆச்சுன்னா 100 ஏஹெச்சுக்கு 5 ஆம்ப் மாதிரி ரொம்ப மெதுவா 3.0 வரைக்கும் ஏத்தி, சூடாகுதா, வீங்குதான்னு கூடவே இருந்து பாத்துக்கிட்டா காப்பாத்தலாம். 1.5க்கு கீழ போய் அங்கயே நின்னுடுச்சுன்னா உள்ள நெகட்டிவ் பக்கம் இருக்கற தாமிரத்தகடு எலக்ட்ரோலைட்ல கரைய ஆரம்பிக்கும். நீங்க திரும்ப சார்ஜ் போடும்போது அந்த தாமிரம் எங்கயோ ஒரு எடத்துல முள்ளு மாதிரி படிஞ்சு நடுவுல இருக்கற மெல்லிசு சவ்வ குத்தும். இன்னைக்கே ஒண்ணும் ஆகாம போகலாம், நாலு மாசம் கழிச்சு ராத்திரி எல்லாரும் தூங்கும்போது ஆகலாம். ஒரு செல்லோட விலைக்கு அந்த ராத்திரிய பணயம் வைக்க வேணாம். எல்எஃப்பி மத்த லித்தியத்த விட சாதுதான், ஆனா அதுவும் சூடாகி வாயு கக்கும், அந்த வாயு தீப்பிடிக்கும்.

மத்த 15 செல்லும் நல்லாதான் இருக்குன்னு தோணுது. டெர்மினல்ல சைபர் காட்டறது பேட்டரி செத்ததால இல்ல, பிஎம்எஸ், அதாவது செல்லுங்கள கண்காணிக்கற போர்டு, அந்த ஒரு செல்ல பாத்துட்டு கதவ சாத்திடுச்சு, அது செய்ய வேண்டிய வேலைய சரியா செஞ்சிருக்கு. பிஎம்எஸ்ஸ ஒதுக்கிட்டு நேரா சார்ஜ் ஏத்தற வழி ஒண்ணு வீடியோல எல்லாம் காட்டறாங்க, அத பாத்து செய்யாதீங்க.

இப்ப நான் உங்கள கேக்கறது, சாயந்தரமே கட் ஆயிட்டு இருந்துச்சே அப்ப அந்த செல்லு எப்படி நடந்துச்சு, ஆப்ல பாத்தீங்களா? இது எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது. சார்ஜ் ஏறும்போது ஒரு செல்லு மத்தத முந்திக்கிட்டு 3.65 தொடுது, இறங்கும்போதும் அதே செல்லுதான் முதல்ல காலியாகுதுன்னா அந்த செல்லோட கொள்ளளவு குறைஞ்சு போச்சு, மாத்தத்தான் வேணும். ஏறும்போது முந்துது ஆனா இறங்கும்போது முதல்ல காலியாகலன்னா செல்லு நல்ல செல்லு, பேலன்ஸ், அதாவது எல்லா செல்லும் ஒரே அளவு நிரம்பி இருக்கறது, அது மட்டும்தான் போயிருக்கு. பேலன்ஸ் போனத செல்லு போச்சுன்னு நெனச்சு எத்தனையோ பேர் முழு பேக்கையும் மாத்திடறாங்க, அத பாத்தா எனக்கு மனசு ஆறாது. பிஎம்எஸ்ல இருக்கற பேலன்சர் 50 மில்லி ஆம்ப் அளவுலதான் வேலை செய்யும், 10 ஏஹெச் வித்தியாசம் இருந்தா 200 மணி நேரம் வேணும், அதுவும் செல்லு 3.4 தாண்டி மேல நிக்கற நேரம் மட்டும்தான் கணக்கு, ஒரு நாளைக்கு அது அரை மணி நேரம் கூட இருக்காது. அப்ப என்னைக்கு சரியாகும் சொல்லுங்க. ஒரு செல்லுல இருந்து இன்னொண்ணுக்கு சார்ஜ மாத்தற 1, 2 ஆம்ப் ஆக்டிவ் பேலன்சர் போட்டு ஒரு வாரம் ஃபுல் சார்ஜ்லயே வெச்சா பல பேக் உயிர் வந்துடும்.

இன்னொரு விஷயம், செல்லு கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பஸ்பார், அதாவது செல்லுங்கள இணைக்கற உலோகப் பட்டை, அதோட நட்ட பாருங்க. லோடு ஓடும்போது செல்லோட டெர்மினல்ல நேரா மீட்டர் முனைய வெச்சு ஒரு தடவ, பஸ்பார் மேல வெச்சு ஒரு தடவ அளந்தா, ரெண்டும் வேற வேற காட்டினா கோளாறு செல்லுல இல்ல, லூஸ் கனெக்‌ஷன்ல. சுத்தம் பண்ணி சரியான அளவுக்கு முறுக்கினா போதும்.

புது செல்லு போடறப்ப அதே கெமிஸ்ட்ரி, அதே 100 ஏஹெச், இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் மத்தத ஒட்டி இருக்கறதா பாத்து வாங்குங்க. போட்ட பிறகு டாப் பேலன்ஸ், அதாவது எல்லா செல்லையும் ஃபுல் சார்ஜ்ல சமமாக்கறது. 16 செல்லையும் காலியா இருக்கும்போதே பேரலல்ல கட்டிட்டு 10 ஆம்ப் சப்ளைய மாட்டினா 1600 ஏஹெச் ஏற 160 மணி நேரம், ஒரு வாரம் ஓடும், அதனால முதல்ல சீரியஸ்லயே பிஎம்எஸ் வழியா முடிஞ்ச வரைக்கும் ஏத்திட்டு, புது செல்ல தனியா ஏத்திட்டு, அப்புறம் பேரலல் கட்டுங்க. சப்ளைய 3.60 இல்ல 3.65க்கு செட் பண்றது செல்லு மாட்டறதுக்கு முன்னாடியே செஞ்சிடணும், மாட்டினப்புறம் டிஸ்ப்ளே கம்மியா காட்டுதேன்னு குமிழ திருகினா, நீங்க தூங்கற நேரத்துல அது 3.65 தாண்டிப் போய் நிக்கும். இப்படி 16 செல்லும் உப்பின ஒரு பேக்க நான் கையால தூக்கி பாத்திருக்கேன்.

எல்லாம் முடிஞ்சு ரெண்டு வாரம் லோடு இல்லாம சும்மா வெச்சு பாருங்க. அதுல ஏதாவது ஒரு செல்லு மட்டும் மறுபடி கீழ இறங்கினா அது உள்ளுக்குள்ளயே கசியுது, அதையும் எடுத்துடுங்க. மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் எல்லாம் கழட்டிட்டு வேலைய ஆரம்பிங்க, ஸ்பேனருக்கு டேப் சுத்துங்க. 51 வோல்ட்தானேன்னு தோணும், ஷாக் அடிக்கறது பெரிய விஷயம் இல்ல, ஸ்பேனர் குறுக்க விழுந்தா ஆயிரக்கணக்குல ஆம்ப் பாயும், ஸ்பேனரே உருகி ஒட்டிக்கும்.

கூரைப்பலகை:

அக்கா, இறங்கும்போதும் அந்த செல்லுதான் முதல்ல போச்சு, ஆப்ல பழைய பதிவ பாத்தேன், ஏறும்போதும் அதேதான் முந்திருக்கு. அப்ப கொள்ளளவு போச்சுன்னு புரியுது. மாத்திடறேன். பஸ்பாரும் ரெண்டு எடத்துல கருத்து போயிருக்கு, நீங்க சொல்லலன்னா பாத்திருக்கவே மாட்டேன்.

வெயில்வீடு:

பதினாறு நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும், ஒவ்வொரு பேட்டரியும் மூணு நாள் எடுத்துக்கிச்சு. எழுதி வெச்சத அப்படியே போடறேன்.

முதல் பேட்டரி 14.4ல மாட்டினப்ப 0.3 ஆம்ப்தான் போச்சு. அண்ணன் சொன்னாரேன்னு விட்டுட்டு போய் படுத்துட்டேன், காலைல பாத்தா 6 ஆம்ப் ஓடுது, அப்ப எனக்கு வந்த சந்தோஷத்த சொல்ல முடியாது. ஈக்வலைஸ் பண்ணி முடிச்சதும் ஆறு செல்லும் 1225ல இருந்து 1235க்குள்ள. ரெண்டாவது 1220 பக்கம். மூணாவது கொஞ்சம் மந்தம், ரெண்டு செல்லு 1200 தாண்ட மாட்டேங்குது, மிச்சம் 1215.

நாலாவது முடிஞ்சுது. மூணாவது செல்லு 1090லயே நிக்குது, மத்த அஞ்சுலயும் குமிழி கொதிக்கற மாதிரி வருது, அதுல மட்டும் ஒரு குமிழி கூட இல்ல, அந்த எடம் மட்டும் வெளில தொட்டா சூடா இருந்துச்சு. உடனே நிறுத்திட்டேன்.

மத்த மூணுக்கும் ஒரு நாள் ஆற விட்டு கொள்ளளவு டெஸ்ட் பண்ணேன். 12 வோல்ட் ஹெட்லைட் பல்பு ரெண்ட பேரலலா கட்டி, சுமார் 9 ஆம்ப் இழுத்துச்சு, 10.8க்கு வந்ததும் கட் பண்ணிட்டேன். முதல்து பத்தரை மணி நேரம், ரெண்டாவது பத்து, மூணாவது எட்டரை. அதாவது 94, 90, 76 ஏஹெச். முடிஞ்ச உடனே திரும்ப சார்ஜ்ல போட்டுட்டேன், காலியா ஒரு ராத்திரி கூட வைக்கல. இப்ப என் கேள்வி, நாலாவது எடத்துல ஒரு புது பேட்டரி வாங்கி வெச்சு 48 வோல்ட் ஆக்கிடலாமா?

பழையமெக்கானிக்:

நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி, குறிப்பு எழுதின விதம் பாக்கவே சந்தோஷமா இருக்கு. நாலாவது பேட்டரில அந்த மூணாவது செல்லு ஷார்ட், அதுல சந்தேகமே இல்ல.

ஒரு புதுசும் மூணு பழசும் சீரியஸ்ல வேணாம். சீரியஸ்ல நாலு வழியாவும் ஒரே கரண்ட்தான் ஓடும். மூணாவது பேட்டரி 76லயே தீந்துடும், அதனால மொத்த பேங்கும் 76தான், புதுசோட பாதி உபயோகமே இல்லாம உள்ள கிடக்கும். சார்ஜ் ஏறும்போது பழசுங்க முதல்ல நிரம்பி வோல்டேஜ மேல தூக்கிடும், கன்ட்ரோலர் மொத்தத்த மட்டும் பாத்து முடிஞ்சுதுன்னு நிறுத்திடும், புதுசு கடைசி வரைக்கும் முழுசா நிரம்பவே நிரம்பாது. நெறையாமயே நாள் கணக்குல ஓடுற பேட்டரிக்கு என்ன ஆகும்னு உங்களுக்கு இப்ப நான் சொல்ல வேண்டியது இல்ல. அதே வயசுல, அதே மாடல்ல பழைய பேட்டரி ஒண்ணு கெடைச்சு, இதே பல்பு டெஸ்ட்ல 80, 90 கொடுத்தா தாராளமா போடுங்க.

இல்லன்னா என் யோசனை, முதல் ரெண்டையும் 24 வோல்ட்டா கட்டி ஒரு சின்ன சிஸ்டத்துக்கு வெச்சுக்கோங்க, லைட்டு, ஃபேன், ரவுட்டர்னு. 90 ஏஹெச்ல பாதிய மட்டும் எடுத்தாலும் 1000 வாட் அவர் கிட்ட வரும், ராத்திரிக்கு போதும். மூணாவது தனியா 12 வோல்ட்ல ஒரு எமர்ஜென்சி லைட்டுக்கு. வீட்டோட பெரிய லோடுக்கு கைல காசு சேரும்போது புது பேங்க் போட்டுக்கலாம்.

இனிமே ரெண்டு மூணு விஷயம் மாத்துங்க. கன்ட்ரோலர்ல அப்சார்ப்ஷன், அதாவது நிரம்பற கடைசி கட்ட வோல்டேஜ், 12 வோல்ட் பேட்டரிக்கு 14.4ல இருந்து 14.8க்குள்ள, 24க்கு அதுல ரெண்டு மடங்கு, அந்த வோல்டேஜ்ல ரெண்டு மூணு மணி நேரமாவது நிக்கற மாதிரி வைங்க, பல கன்ட்ரோலர்ல ஒரு மணி நேரம்னு போட்டு வெச்சிருப்பாங்க, அது பத்தாது. டெம்பரேச்சர் சென்சார் வயர் இருந்தா பேட்டரி மேல ஒட்டுங்க, வெயில் ஏற ஏற சார்ஜ் வோல்டேஜ் குறையணும், 12 வோல்ட்டுக்கு டிகிரிக்கு 25, 30 மில்லி வோல்ட் கணக்கு. மாசம் ஒரு தடவ ஈக்வலைஸ், அன்னைக்கு தண்ணி லெவலும் கிராவிட்டியும். ஹைட்ரோமீட்டர் இல்லாத நேரத்துல ஒரு குறுக்கு வழி, பேட்டரிய சில மணி நேரம் எதுவும் இல்லாம சும்மா வெச்சுட்டு வோல்டேஜ ஆறால வகுத்து 0.84 கழிச்சா கிராவிட்டி வரும். 12.48னா செல்லுக்கு 2.08, கழிச்சா 1.240, அதாவது ஹைட்ரோமீட்டர்ல 1240. கிட்டத்தட்ட சரியா இருக்கும், ஆனா ஒரு செல்லு மட்டும் நொண்டினா இது சொல்லாது.

வீட்ட பூட்டிட்டு போறப்ப முழுசா சார்ஜ் ஏத்திட்டு இன்வெர்ட்டர் வயரையே பேட்டரில இருந்து கழட்டிடுங்க, கன்ட்ரோலர் மட்டும் இருக்கட்டும். பேனல் ஃபியூஸ் போனாலும் நிரம்பின ட்யூபுலர் மூணு மாசம் தாங்கும்.

தாமிரக்கம்பி:

செத்த நாலாவத உடைச்சு பாக்கலாம், பிளேட் எடுத்து வேற எதுலயாவது போடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அந்த தூசி மூச்சுல போனா உடம்புல தங்கும். ஆசிட்ட கொட்டாம, மூடி போட்டு நிமிர்த்தி வெச்சு, பழைய பேட்டரி முறைப்படி எடுக்கற எடத்துல கொடுத்துடுங்க. அதுல இருக்கற ஈயம் கிட்டத்தட்ட முழுசா உருக்கி மறுபடி பேட்டரியாதான் வரும்.

வெயில்வீடு:

24 வோல்ட் யோசனை ரொம்ப பிடிச்சிருக்கு அண்ணா, இன்னைக்கே கன்ட்ரோலர் மேனுவல எடுத்து பாத்தேன், அதுல 24ம் வரும், பேனல் வயரிங் மட்டும் கொஞ்சம் மாத்தணும். நாலாவத மூடி போட்டு தனியா எடுத்து வெச்சுட்டேன். நோட்டுல அடுத்த மாசம் ஈக்வலைஸ் பண்ற தேதிய குறிச்சுட்டேன், அன்னைக்கு கிராவிட்டி எடுத்து இங்க போடறேன். முக்கியமா மூணாவது பேட்டரில அந்த 1200ல நின்ன ரெண்டு செல்லு ஏறுதா இல்லையான்னு பாக்கணும்.

பழையமெக்கானிக்:

போடுங்க தம்பி, காத்திருக்கேன். ரெண்டு மூணு ஈக்வலைசேஷன் கழிச்சு ஏறின செல்லுங்களும் உண்டு.